கேஸ் இருக்கிறது, பம்பு இல்லை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும், தங்கிப் பயணம் போவதற்காக நீ மாற்றியமைக்கும் டிராவலர் வேனின் படங்களும் வந்தன. இருக்கைகளைக் கழற்றியதும் உள்ளே இவ்வளவு இடம் கிடைத்திருக்கிறதே! சமையல் மேடை விஷயத்தில் தங்கச்சி சொல்வதுதான் சரி. அதைப் பக்கவாட்டுக் கதவை ஒட்டியே வை. தாளித்த வாசனை மெத்தையில் ஏறிவிட்டால் லேசில் போகாது. இங்கே எல்லோரும் நலம். சாந்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மகன் வழக்கம்போல வேலை மாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

"வண்டிக்குள் கேஸுக்கு நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று, பிரிட்டனில் இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் என்னைக் கேட்டிருந்தாய். சில வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன். இப்போது முடியாது.

நம் ஊரில் ஆம்னி வேன்கள் ஓடிய காலம் உனக்கு நினைவிருக்கும். வீட்டு சிலிண்டரைப் பின்னால் ஒளித்து வைத்து வண்டி ஓட்டினார்கள். சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட, ஆனாலும் தெருவுக்கு ஒருவர் செய்தார்கள். பிரிட்டனில் நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். காருக்கென்று பெட்ரோல் பங்கில் வைத்த எல்பிஜி பம்பில் சமையல் கேஸ் பிடிக்கிறோம். அந்தப் பம்புக்கு இங்கே ஆட்டோகேஸ் என்று பெயர். இங்கே அது பெரும்பாலும் புரோப்பேன் என்ற வாயுதான், வண்டி அடுப்புக்கும் ஹீட்டருக்கும் அதுவே போதும்.

ஏற்பாடு எளிது. கேஸ்லோ மாதிரியான நிறுவனங்கள் 6 கிலோ, 11 கிலோ அளவுகளில் திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய சிலிண்டர்கள் விற்கின்றன. அதை வண்டியின் கேஸ் அறையில் நிரந்தரமாகப் பொருத்தி, வண்டியின் பக்கவாட்டில் டீசல் மூடி மாதிரி இன்னொரு சின்ன மூடி வைத்துவிடுவார்கள். பம்புக் குழாயை அதில் மாட்டி பொத்தானை அழுத்தினால் நிரம்பும். 80 சதவீதம் ஆனதும் உள்ளே இருக்கும் மிதவை வால்வு தானாகவே நிறுத்திவிடும். வெயிலில் திரவம் விரிவதற்கு மேலே இடம் வேண்டுமல்லவா, அதற்காக. 11 கிலோ என்றால் சுமார் 21 லிட்டர்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் மாற்று சிலிண்டர் வைத்திருப்பவனைக் கேட்க வேண்டும். கேலர் போன்ற நிறுவனங்களின் சிலிண்டர் உனக்குச் சொந்தமில்லை. காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்க வேண்டும். நீண்ட பயணம் கிளம்பும்போது சிலிண்டரில் கால்வாசி மிச்சமிருந்தால் என்ன செய்வாய்? அதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் புதியதை எடுக்க முடியும். கிலோ கணக்கில் பார்த்தால் பம்பில் பிடிப்பதற்கு இதைவிட மிகக் குறைந்த செலவுதான். பிரான்ஸ், ஜெர்மனி என்று போனால் கேலர் சிலிண்டரை மாற்றவே முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சிலிண்டர், ஒரு வாய், ஒரு ரெகுலேட்டர். இதனால்தான் என்னைப் போன்றவர்கள் காசு போட்டு நிரப்பும் சிலிண்டருக்கு மாறினோம்.

இப்போது அந்தப் பம்புகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. காரணம் நாங்கள் இல்லை, கார்கள். எல்பிஜிக்கு வரி குறைவு என்பதால் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் நிறையப் பேர் பெட்ரோல் காரை எல்பிஜிக்கு மாற்றினார்கள். பிறகு டீசல் கார் மோகம் வந்தது. 2001-இல் சாலை வரியைக் கார்பன் அளவோடு இணைத்ததும் டீசல் இன்னும் மலிவாகத் தெரிந்தது. அதன்பின் வந்த, பெட்ரோலை எரியும் இடத்துக்குள்ளேயே நேராகப் பீய்ச்சும் எஞ்சின்களை எல்பிஜிக்கு மாற்றுவது எளிதாகவும் இல்லை, மலிவாகவும் இல்லை. இப்போது மின்சாரக் கார். பங்க் முதலாளி எல்பிஜி தொட்டிக்கு இடம் ஒதுக்க வேண்டும், சோதனைக்குப் பணம் கட்ட வேண்டும். அந்த இடத்தில் கார் கழுவும் இயந்திரம் வைத்தால் இதைவிட வருமானம். ஷெல் பங்க்குகளிலிருந்து ஆட்டோகேஸ் போய்விட்டது, மாரிசன்ஸ் சூப்பர்மார்க்கெட் பங்க்குகளிலும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாகப் பந்தியில் உட்கார்ந்தவர்கள். அழைத்த விருந்தாளிகள் எழுந்து போனபின் எங்களுக்கென்று தனியாக இலை போட யாருக்கும் தலையெழுத்து இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கேஸுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதிகளில் குழாய் எரிவாயு போகாத வீடுகள் ஏராளம். ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும் 47 கிலோ சிவப்பு சிலிண்டர்கள் நிற்கும், அல்லது தோட்டத்தில் பெரிய தொட்டி இருக்கும். லாரிகள் வாரம் தவறாமல் போகின்றன. கேஸ் அதிகம் எரியும் அந்த ஊர்களில் எனக்கு ஒரு லிட்டர் பிடிக்க வழியில்லை. சரக்கு இருந்தும் சில்லறை வாய் இல்லை.

எனவே கிளம்புமுன் இப்போது கொஞ்சம் வேலை இருக்கிறது. வரைபடச் செயலிகளில் பம்பு இருப்பதாகக் காட்டும், ஆனால் எடுத்துப் போய் மாதக்கணக்கில் ஆகியிருக்கும், இல்லாவிட்டால் பழுதாகி நிற்கும். அதனால் போன் போட்டுக் கேட்காமல் நான் நகர்வதில்லை. பெரிய பங்க்குகளை நம்புவதை விட்டுவிட்டேன். தனியார் கேஸ் ஏஜென்சிகள், தொழிற்பேட்டைக்குள் இருக்கும் கேஸ் கிடங்குகள், கேரவன் விற்கும் கடைகள், சில விவசாயப் பொருள் கடைகள், இவற்றில்தான் பம்பு மிச்சமிருக்கிறது. பல இடங்களில் ஞாயிறு விடுமுறை, மாலை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குக் கேஸைப் பற்றித் தெரியும், அது பெரிய ஆறுதல். பங்க்கில் கல்லாவில் இருக்கும் பையன் சிலிண்டரைக் கண்டாலே பம்பை அணைத்துவிடுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. மிதவை வால்வு இல்லாத மாற்று சிலிண்டரைக் கொண்டுவந்து திருட்டுத்தனமாக நிரப்பியவர்கள் உண்டு. விளிம்புவரை நிரம்பினால் அது வெடிகுண்டு. வெளிப்புற மூடி பொருத்தியிருந்தால் கேள்வி குறைவு.

கடல் தாண்டினால் நிலைமை நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் எல்பிஜியில் ஓடும் புதிய கார்களை டாசியா கம்பெனி இன்னும் விற்கிறது, அதனால் பம்புகளும் இருக்கின்றன. இத்தாலியிலும் போலந்திலும் கவலையே வேண்டாம். ஜெர்மனியில் எல்பிஜிக்கான வரிச்சலுகையைப் படிப்படியாகக் குறைத்து 2022 முடிவில் நிறுத்திவிட்டார்கள். பம்பு வாயின் வகைக்கு ஏற்ப அடாப்டர் வேண்டும். பித்தளையில் மூன்று, ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் சமாசாரம்.

நான் உண்மையில் மாற்றிக்கொண்டது தேடும் விதத்தை அல்ல, செலவழிக்கும் விதத்தை. வண்டியில் கேஸ் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தால் அடுப்பு ஒன்றுமே இல்லை. இருவருக்குச் சோறு, குழம்பு, காபி எல்லாம் சேர்ந்தாலும் 11 கிலோ வாரக்கணக்கில் வரும். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 300 கிராம் அளவுக்கு எடுக்கும். ஹீட்டர்தான் பூதம். ட்ரூமா கம்பெனியின் 4 கிலோவாட் ஹீட்டரை முழு வேகத்தில் விட்டால் மணிக்கு 320 கிராம். விடாமல் ஓடினால் 11 கிலோ ஒன்றரை நாளுக்குள் காலி. அதனால் ஃபிரிட்ஜை பேட்டரிக்கு மாற்றி, கூரையில் சோலார் போட்டேன். டீசல் டாங்கிலிருந்தே எரிபொருள் எடுக்கும் ஹீட்டர் ஒன்றையும் வைக்கலாம் என்றிருக்கிறேன். டீசல் எந்த ஊரிலும் கிடைக்கும்.

"எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டினால் என்ன?" என்று நீ கேட்பாய், தெரியும். ஒரு கிலோ கேஸில் சுமார் 13 யூனிட் வெப்பம் இருக்கிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் ஒன்றேகால் யூனிட்தான். ஒரு கிலோ கேஸுக்குப் பத்து பேட்டரி! குளிர்நாட்டில் வண்டியைச் சூடாக்க அது கட்டுபடியாகாது. மின்சார அடுப்பில் சமைக்கலாம், ஆனால் நம் வீட்டுச் சாம்பாருக்கு எவ்வளவு நேரம் கொதி வேண்டும் என்று உனக்கே தெரியும்.

உன் கதை வேறு. உனக்கு ஹீட்டர் தேவையில்லை, அடுப்பு மட்டும்தான். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வண்டியில் ஏற்றாதே, அது சட்டப்படி தவறு. அடையாள அட்டையைக் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் உனக்குத் தாராளம். ஃபைபரில் வருவதைக் கேட்டுப் பார், எடை குறைவு, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். ஆட்டோக்களுக்கான எல்பிஜி பம்பில் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. அதற்கு அங்கே அனுமதி இல்லை, தவிர சிஎன்ஜி பரவும் வேகத்தில் அந்தப் பம்புகளுக்கும் இதே கதி வரலாம். ஊட்டி, கொடைக்கானல் போகும்போது மார்கழிக் காலையில் அடுப்பு மந்தமாக எரிந்தால் பயப்படாதே. நம் ஊர் சிலிண்டரில் பியூட்டேன் என்ற வாயு நிறைய. அது பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாகாது, புரோப்பேனோ மைனஸ் 42 வரை ஆவியாகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய். சிலிண்டர் வைக்கும் அறை, வண்டியின் உட்புறத்திலிருந்து முழுக்க அடைபட்டிருக்க வேண்டும். கதவு வெளியே திறக்க வேண்டும். அடித்தளத்தில் துளை வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். துளை இருந்தால் சாலையில் இறங்கிப் போய்விடும். உன் படங்களில் அந்த அறையைக் காணோம். பட்டறைக்காரர் எங்கே வைத்திருக்கிறார்? வெல்டிங் முடிவதற்குள் அளவோடு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
கதிரேசன்