மணல் பில் போட்டவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இந்திய கேங்ஸ்டர் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' படத்தைக் கட்டுரையாளர் நிறையவே புகழ்ந்திருந்தார். தலைமுறை தலைமுறையாக வரும் பழியும், அதன் பின்னால் இருக்கும் அரசியலும் நிலக்கரியும் அசல் தன்பாத்தையே கண்முன் நிறுத்துகின்றன என்று எழுதியிருந்தார். நான் 1976 முதல் 2013 வரை, இப்போது ஜார்க்கண்டில் இருக்கும் தன்பாத் மாவட்டத்துக் கோலியரிகளில், அதாவது நிலக்கரிச் சுரங்கங்களில், சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். அசல் தன்பாத்தின் பெரும்பகுதி அந்தப் படத்தில் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படம் மோசம் என்று சொல்ல வரவில்லை. 2012இல் இரண்டு பாகங்களாக வந்தது, சேர்த்துப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். முதல் பாகத்தை அலுவலக நண்பர்களோடு போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கங்கள், கூலிகளை அடக்கி வைக்க அமர்த்திய பெஹல்வான்கள் என்கிற பயில்வான்கள், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த புது முதலாளிகள், எழுபதுகளில் நடந்த தேசியமயம், சங்கத்தின் பெயரைச் சொல்லி வளர்ந்த ரவுடித்தனம் எல்லாம் ஆரம்பத்தில் வருகின்றன. எங்கள் ஊர்க் கதையை ஒரு இந்திப் படம் இவ்வளவு தெரிந்துகொண்டு பேசுகிறதே என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அப்புறம் அப்பாவைக் கொன்றவனை மகன் பழிவாங்குவதுதான் கதை என்று ஆகிவிட்டது. இரண்டாம் பாகத்துக்கு வரும்போது கரியையே தேட வேண்டியிருக்கிறது. பழைய இரும்பு வியாபாரம், தேர்தல், துப்பாக்கி, சாவு, மறுபடி சாவு.

மாஃபியா என்று பேப்பர்கள் எழுதிய அந்தக் கூட்டத்தை நான் வாராவாரம் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் சுட்டுக்கொண்டிருக்கவில்லை. சம்பளம் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். வெட்டுகிற கரிக்கு ஏற்பக் கூலி வாங்குகிற தொழிலாளிகளுக்கு அந்த நாட்களில் வாரச் சம்பளம், ரொக்கம். ஆள் பணத்தை வாங்கித் திரும்புவான். அங்கேயே வட்டிக்காரனின் ஆள் கையை நீட்டுவான். நூறு ரூபாய் கடனுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. அதற்கு அடுத்தாற்போல் சங்கச் சந்தா வாங்குகிறவன். எந்தச் சங்கத்தில் சேர்வது என்பது தொழிலாளியின் விருப்பத்தில் இல்லை. பிற்பாடு சம்பளம் வங்கிக்குப் போனது. இனிமேல் தொந்தரவு இருக்காது என்று நினைத்தோம். வட்டிக்காரர்கள் பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏடிஎம் கார்டு வந்ததும் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இதில் எங்கே இருக்கிறது பழி? இது தினப்படி நடந்த வசூல். எப்போதாவது ஒருவனைச் சுட்டார்கள் என்றால் பெரும்பாலும் அது இந்த வசூலுக்கான எல்லைத் தகராறு. அப்பா பெயரும் குலப் பெருமையும் அதற்கு மேல் பூசிய பூச்சு. படங்கள் அந்தப் பூச்சையே கதையாக எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் என் வருத்தம்.

மணல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டில் இது பலருக்குத் தெரிந்திருக்காது. பூமிக்கு அடியில் கரியை வெட்டி எடுத்த பிறகு அந்த இடம் வெறும் பொந்தாக நிற்கும். மேலே வீடு இருக்கும், ரோடு இருக்கும், ரயில் பாதை இருக்கும். அதனால் ஆற்று மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாக உள்ளே இறக்கி நிரப்ப வேண்டும். ஸ்டோயிங் என்பார்கள். மணல் தாமோதர் ஆற்றிலிருந்து வரும். அதைக் கொண்டுவரும் லாரி காண்டிராக்ட் யாருக்கு என்பதை முடிவு செய்தவர்கள், டெண்டர் பெட்டி இருக்கும் அறைக்கு வெளியே தடியோடு நின்றவர்கள். வேறு யாரும் உள்ளே போய் உறையைப் போட முடியாது.

காண்டிராக்ட் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் மணலே தேவையில்லை, பில் போதும். நான் இருந்த ஒரு கோலியரியில், மழைக்காலத்தில் தாமோதர் கரைபுரண்டு ஓடிய வாரத்திலும் மணல் அள்ளியதாகப் பில் வந்தது. பக்கத்து மேசைக்காரர் காட்டியபோது என் கண்ணால் பார்த்தேன். அங்கே இருந்த சர்வேயர் ஒருவர் உள்ளே இறங்கி அளந்து, நிரப்பியதாகச் சொன்ன இடம் காலியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அந்த மாதமே அவருக்கு மாற்றல் வந்தது. நல்லவேளை, அதோடு விட்டார்கள் என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னார்.

அந்தக் காலி இடங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன, மேலே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். தன்பாத் மாவட்டத்து ஜரியா நிலக்கரி வயலில் 1916 முதலே நிலத்தடியில் நெருப்பு எரிகிறது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நிரப்பாமல் விட்ட பொந்துகளில் காற்று புகுந்தால் நெருப்பு இன்னும் தூரம் போகும், மேலே மண் உட்காரும். சுவர் விரிசல் விட்டு, தரை சூடாகி, புகை வருகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஜரியா மக்களை வேறு இடத்துக்கு மாற்றவும் நெருப்பை அணைக்கவும் 2009இல் மத்திய அரசு சுமார் 7,112 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டம் ஒப்புக்கொண்டது. பெல்கடியாவில் அடுக்கடுக்காக வீடு கட்டிக் கொஞ்சம் பேரைக் குடிவைத்தார்கள். பிழைப்பு ஜரியாவில், வீடு பெல்கடியாவில். நிறையப் பேர் போக மறுத்துவிட்டார்கள்.

மணல் பில் போட்டுப் பணம் சேர்த்தவர்கள் எந்தப் படத்திலும் வில்லனாகக்கூட வரவில்லை. துப்பாக்கி தூக்காததால் படம் எடுக்கிறவர்களின் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை.

நான் வேலைக்குச் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1975 டிசம்பர் 27 அன்று, சாஸ்நாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 375 பேர் செத்தார்கள். நான் போன சமயம் ஊரில் வேறு பேச்சே கிடையாது. அந்த விபத்தை வைத்து 1979இல் 'காலா பத்தர்' என்ற இந்திப் படம் வந்தது. பாட்டும் சண்டையும் நிறைந்த படம்தான், ஆனாலும் சுரங்கத்துக்குள் இறங்குகிற மனிதன் அதில் கதாநாயகன். வாசேபூர் படத்தில் முதல் தலைமுறை மட்டும் கொஞ்ச நேரம் சுரங்கத்தைப் பார்க்கிறது. மகன், பேரன் காலத்தில் கதை சுரங்கத்தை விட்டே வெளியேறிவிடுகிறது. சைக்கிளில் நான்கைந்து மூட்டை கரியைக் கட்டி, ஏறி ஓட்ட முடியாமல், மேட்டுப் பாதையில் மைல் கணக்காகத் தள்ளிக்கொண்டு போகிற ஆட்களை அந்த வட்டாரத்தில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். அவர்களிடமும் வழியில் நின்று பணம் பிடுங்கினார்கள். படம் எடுத்தவர்கள் அவர்களைத் தாண்டித்தான் லொகேஷன் பார்க்கப் போயிருப்பார்கள்.

கட்டுரையில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. வன்முறையை வன்முறையால்தான் எதிர்கொள்ள முடியும் என்கிற மண் அது, அதனால் படமும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதியிருந்தார். அந்த மண்ணில்தான் ஏ.கே. ராய் இருந்தார். சிந்த்ரி உரத் தொழிற்சாலையோடு சேர்ந்த நிறுவனத்தில் கெமிக்கல் இன்ஜினியர். தொழிலாளர் பக்கம் நின்றதற்காக வேலை போனது. மூன்று முறை சிந்த்ரி எம்எல்ஏ, 1977, 1980, 1989 என்று மூன்று முறை தன்பாத் எம்.பி. முதல் முறை ஜெயித்தபோது நெருக்கடி நிலையில் கைதாகிச் சிறையில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எம்.பி. பென்ஷனை வாங்கவில்லை. வட்டிக்காரர்களுக்கும் காண்டிராக்ட் கும்பலுக்கும் எதிராக ஒவ்வொரு தௌடாவாகப் போய்க் கூட்டம் போட்டார். கூலிகளின் வரிசை வீடுகளை அங்கே தௌடா என்பார்கள். சட்டை கசங்கி, ரப்பர் செருப்போடு வருவார். ராய் தா, ராய் தா என்று பெண்கள் ஓடி வருவார்கள். தா என்றால் வங்காளியில் அண்ணன். 2019 ஜூலையில் அவர் இறந்தபோது நான் இங்கே வந்துவிட்டேன். பழைய நண்பர்கள் போன் செய்து அழுதார்கள்.

அவருடைய கட்சிக்காரர் குருதாஸ் சாட்டர்ஜி, நிர்சா தொகுதி எம்எல்ஏ. கரித் திருட்டை எதிர்த்துப் பேசியவர். 2000 ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தப் படங்களின் இலக்கணப்படி அவர் மகன் துப்பாக்கி எடுத்திருக்க வேண்டும். அவர் மகன் ஓட்டுக் கேட்டுப் போனார், அதே நிர்சாவில் நின்று எம்எல்ஏவானார். அப்பாவைக் கொன்றவர்களின் ஊரில், அவர்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தெருத் தெருவாகக் கையைக் கூப்பிக்கொண்டு நடப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த மண்ணில் வேறு வழியே இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் இந்த அப்பா மகன் கதையையும் கட்டுரையாளர் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

வாசேபூரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தன்பாத் நகரத்துக்குள் இருக்கும் ஒரு முஸ்லிம் பேட்டை. தையற்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வாத்தியார்கள், எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு குமாஸ்தாக்கள். அங்கே அடாவடிக் குடும்பங்கள் இருந்ததும், கொலைகள் நடந்ததும் உண்மைதான். ஆனால் படம் வந்த பிறகு அந்தப் பெயரே ஒரு முத்திரை ஆகிவிட்டது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மகன் படிக்கப் போன ஊரில் வாடகைக்கு அறை தேடியபோது, சொந்த ஊர் எது என்று கேட்ட வீட்டுக்காரர் அதற்கப்புறம் சாவியைக் கொடுக்கவில்லை. நான் தன்பாத்தில் இருந்தேன் என்றால் இங்கே கோயில் வாசலில் சந்திக்கிற இளைஞர்கள்கூட ஆவலாக முதலில் கேட்பது, "சார், அந்த கேங்கை நேரில் பார்த்திருக்கீங்களா?" ஒருவர்கூட சாஸ்நாலாவைக் கேட்டதில்லை.

தமிழ் சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால்தான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். வாசேபூர் படத்தின் தொடக்கத்திலேயே பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி சொல்லியிருப்பார்கள். சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' படத்தில், அரசியல்வாதி வீட்டு ஆள் ஒருவன் காரியம் ஆகும்வரை பையன்களை எப்படிப் பயன்படுத்திக்கொண்டு கைவிடுகிறான் என்பது தெளிவாக இருக்கும். கத்தி யாருக்காக எடுக்கப்பட்டது, லாபம் யாருக்குப் போனது என்ற கேள்வி அதில் உயிரோடு இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பல படங்களில், தமிழோ இந்தியோ தெலுங்கோ, அந்தக் கேள்வி போய்விட்டது. வெட்டுகிறவன் நடந்து வருகிற அழகும் பின்னணி இசையும்தான் மிச்சம்.

உங்கள் பத்திரிகை அடுத்து இப்படி ஒரு கட்டுரை போடும்போது, கதை நடக்கிற ஊரில் வேலை பார்த்த ஒருவரையாவது கேட்டு எழுதச் சொல்லுங்கள் என்பது என் கோரிக்கை. தன்பாத், ஜரியா, பொக்காரோ பக்கம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர்கள் திருச்சியிலும் நெய்வேலியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன சர்வேயருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது, நினைவு நன்றாக இருக்கிறது, பேசவும் விருப்பமாக இருக்கிறார். உங்கள் நிருபர் வருவதானால் நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கோலியரிக் கணக்கர் ஒருவர்,
ஸ்ரீரங்கம்.