தென்கொரியாவின் தேஜோனில் இருக்கும் மகளுக்கு, முள்ளங்கி ஊறுகாய் பற்றி

திண்டுக்கல்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

முள்ளங்கி ஊறுகாய் பூஞ்சை பிடித்துவிட்டது, ஜாடியோடு கொட்டிவிட்டேன் என்று நேற்றுச் சொன்னபோது உன் குரலே கம்மிவிட்டது. கொட்டியது சரிதான். மேலே வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஆனால் இனிமேல் செய்யவே மாட்டேன் என்றாயே, அதுதான் எனக்குத் தாளவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

வெட்டிய அன்றே தாளித்துக் கொட்டியிருக்கிறாய். தவறு அங்கேதான். 100 கிராம் முள்ளங்கியில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீர். அதை வெளியேற்றாமல் எண்ணெய் ஊற்றினால் தண்ணீர் உள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும். உப்பும் காரமும் நீர்த்துப்போகும். கல்யாணமான புதிதில் நானும் இப்படித்தான் ஒரு ஜாடியைக் கெடுத்தேன். உன் அப்பத்தா திட்டவில்லை. மறுநாள் சந்தையிலிருந்து இரண்டு கிலோ வாங்கிவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கீழே இருப்பது அவர் கைப்பக்குவம்.

ஒரு கிலோ முள்ளங்கியைக் கழுவி, முழுதாகவே துடைத்து ஈரம் போக்கு. பிறகு விரல் நீளத் துண்டுகளாக நறுக்கு. 50 கிராம் கல்லுப்பும் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளும் பிசிறி நான்கு மணி நேரம் மூடி வை. ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் விட்டிருக்கும். அதை வடித்துவிட்டு, துணியில் கட்டி மெல்ல அழுத்து. பிறகு உலர்த்த வேண்டும்.

டிசம்பரில் இங்கே வெயில் ஏதம்மா என்று கேட்பாய். துண்டு போட்ட முள்ளங்கியை உங்கள் ஊர்ப் பெண்கள் குளிர்காற்றிலேயே காயவைத்து, மூமல்லேங்கி என்று சேமிப்பார்கள் என நீதானே முன்பு சொன்னாய்? வறண்ட காற்று போதும் என்பதற்கு அவர்களே சாட்சி. ஜன்னலோரம் துணி விரித்துப் பரப்பு. இரண்டு நாளானாலும் மூன்று நாளானாலும் பொறுத்திரு. துண்டுகள் சுருங்கி, ஒடிக்காமல் வளைக்க வர வேண்டும். எடை பாதிக்குக் கீழே வந்திருக்கும். உங்கள் ஊர் முள்ளங்கி நம்முடையதைவிடப் பருமனாகவும் சதை கெட்டியாகவும் இருக்கிறது, அதனால் இந்த ஊறுகாய்க்கு அது நன்றாகவே வரும் என்று நினைக்கிறேன்.

முள்ளங்கி வாடையைப் பற்றி நீ கூச்சப்படுகிறாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழு முள்ளங்கியில் தனித்தனியே கிடக்கும் இரண்டு பொருள்கள், கத்தி பட்டதும் ஒன்றுசேர்கின்றன. அந்தக் காரநெடி அப்போதுதான் பிறக்கிறது. கடுகை அரைக்கும்போது நடப்பதும் இதுவே. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். அதனால்தானோ என்னவோ, கடுகுப்பொடி சேர்ந்த முள்ளங்கி அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் கவனம். அங்கே கடையில் கிடைக்கும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. அதன் மணம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நான் கொடுத்தனுப்பிய நல்லெண்ணெயில் 200 மில்லி எடுத்துக் காயவைத்து, கடுகு வெடித்ததும் பெருங்காயம் போட்டு அடுப்பை அணை. சூடு தணிந்த பிறகே 50 கிராம் மிளகாய்த்தூள்; அவசரப்பட்டால் கருகிக் கசக்கும். அந்த ஊர் மிளகாய்த்தூள் நிறம் கொடுக்கும், காரம் குறைவு. பாதிக்குப் பாதி நம்முடையதைச் சேர். வறுத்துப் பொடித்த கடுகு இரண்டு மேசைக்கரண்டி, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, வடித்த தண்ணீரோடு போன உப்புக்கு ஈடாக இன்னும் 25 கிராம் உப்பு. பிறகு முள்ளங்கியைப் போட்டுக் கிளறு.

முழுக்க ஆறியதும் ஐந்து எலுமிச்சம்பழச் சாறு. இதை மட்டும் விட்டுவிடாதே. மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் அவற்றின் புளிப்பே காவல்; முள்ளங்கிக்கு அது கிடையாது. எண்ணெய்க்கு அடியில், காற்றுப் படாத இடத்தில் வளரும் கொடிய கிருமி ஒன்று உண்டு. புளிப்புப் போதுமான அளவு இருந்தால் அது தலையெடுக்காது. உலர்த்தியது, உப்பு, புளிப்பு மூன்றும் இருந்தாலும் ஜாடியைக் குளிர்பெட்டியிலேயே வை, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடு. துண்டுகள் எண்ணெயில் முங்கியிருக்க வேண்டும். ஈரக் கரண்டி மட்டும் கூடவே கூடாது.

கக்டுகி என்கிற அந்த ஊர் முள்ளங்கிக் கிம்ச்சியைத் தினமும் சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தயிர்சாதத்துக்கு அது சேரவில்லை என்றாய். அந்த ஒரு வரி இரவெல்லாம் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் ஊறட்டும். நான்காம் நாள் இரவு எட்டு மணிக்கு ஜாடியைத் திற. இங்கே அப்போது மாலை நாலரை. தயிர்சாதம் பிசைந்து வைத்துக்கொண்டு கூப்பிடு; நானும் பிசைந்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா