சிலந்திக்குப் போட்ட சுவர்க்கோழி

மியூனிக்

அன்புள்ள செல்வம்,

கடிதம் வந்தது. பெரியவளுக்குக் கோவையிலேயே இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். விடுதிச் சாப்பாட்டை நினைத்து இப்போதே கவலைப்படாதே, நாமெல்லாம் சாப்பிட்டுப் பிழைக்கவில்லையா?

"அந்த எட்டுக்கால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. மெக்சிகோச் சிவப்பு முழங்கால் டரான்டுலா, அதிலும் பெண். இருபது வருஷத்துக்கு மேலும் வாழும். ஆனால் கொஞ்ச நாளாக நான் வேடிக்கை பார்ப்பது அதை அல்ல, அதற்குப் போடும் தீனியை. சிலந்தி பாட்டுக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கும். தீனி அப்படியா?

இங்கே கடையில் சுவர்க்கோழியை டப்பாவில் அடைத்து விற்பார்கள். தோட்டத்தில் பிடித்ததைப் போடக் கூடாது, பூச்சிமருந்து பட்டிருக்கும். போன வாரம் ஒரு பெண் பூச்சியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டேன். சுவர்க்கோழிக்குப் பின்பக்கம் இரண்டு வால்ரோமம் உண்டு; காற்று லேசாக அசைந்தாலே தெரிந்துவிடும், எகிறி ஓடும். இது ஓடவில்லை. மீசையை வாய்க்குள் இழுத்து இழுத்து நீவிக்கொண்டது. சிலந்தியின் முன்காலிலேயே ஏறி இறங்கியது. தண்ணீர்த் தட்டோரம் மண் ஈரமாக இருக்கும் (மண் என்ன மண், கட்டியாக அழுத்தி விற்கும் தேங்காய் நார்த்தூள்தான்). அங்கே போய் நின்று, உடம்பை வளைத்து, பின்னால் நீட்டியிருக்கும் முட்டையிடும் ஊசியைச் செங்குத்தாக இறக்கியது. சற்று நிற்கும், உருவும், கொஞ்சம் தள்ளி மறுபடி குத்தும். சிலந்திக்கும் அதற்கும் நாலு விரல்கடைதான் தூரம்!

சிலந்தி ஏன் சும்மா இருந்தது? எட்டுக் கண் இருந்தும் பார்வை மந்தம், எல்லாம் அதிர்வை வைத்துத்தான். அதற்காகக் காலில் ஏறியதுகூடவா தெரியாது? அப்புறம் பார்த்தால், வயிற்றின் மேல் ரோமம் உதிர்ந்த வழுக்கை கருத்திருந்தது. தோலுரிக்கப் போகிறது, அந்தச் சமயத்தில் எதையும் தொடாது. தோலுரித்த சிலந்தி உடம்பு மெத்தென்று கிடக்கும். பசித்த சுவர்க்கோழி அதையே கடித்துத் தின்றுவிடும். சுவர்க்கோழி அம்மணியை உடனே வெளியே எடுத்துவிட்டேன். முட்டையிட்ட மண்ணையும் தோண்டி ஒரு டப்பாவில் போட்டு, ஹீட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குட்டிச் சிலந்தி வளர்க்கும் ஒருவர், பொரிந்த குஞ்சுகள் தனக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

தீனிக்கென்றே விற்கும் இன்னொன்று சூப்பர் புழு, ஒரு வண்டின் புழு. அதன் கதை வேறு. கூட்டத்தோடு இருக்கும்வரை புழுவாகவே இருக்கும். தனியே ஒரு சின்ன டப்பாவில் போடு, சுருண்டு படுத்து, கூட்டுப்புழுவாகி, கருவண்டாக வெளியே வரும். அதைத் தீனியாகப் போட எனக்கு மனசு வரவில்லை, வளர்க்கிறேன். வீட்டில் என்ன திட்டு வாங்கியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

அப்புறம், உங்கள் ராமேஸ்வரத்திலேயே ஒரு டரான்டுலா இனம் இருக்கிறது, தெரியுமா? மரப்பொந்தில் வாழ்வது. 2004இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள், அதுவும் அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரை. அந்தப் பக்கம் போனால் பார்த்துப் படம் அனுப்பு. பொந்துக்குள் கையை மட்டும் விடாதே, கடித்தால் வலி லேசில் போகாது.

அன்புடன்,
ரவி