சாவி உடைந்த ஞாயிறு

காந்தி நகர், காட்பாடி
மே 20

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து, வாக்கர் இல்லாமல் சமையலறை வரைக்கும் நடக்கிறாய் என்று எழுதியிருந்ததை இவளுக்குப் படித்துக் காட்டினேன். "சமையலறைக்குன்னா அண்ணன் சரியா நடப்பாரே" என்றாள். கோபித்துக்கொள்ளாதே, உண்மைதானே.

இங்கே கத்திரி வெயில் வழக்கம்போல. பகல் பதினொரு மணிக்குக் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் அரிசி களைய வேண்டியதில்லை, நேராக உலையே வைத்துவிடலாம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தெரிந்தவர் ஒருவரின் வண்டி விலைக்கு வருகிறது, ஒன்பது வருஷ வண்டி, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இன்ஜின், டயர், ஏசி எல்லாம் மருமகன் பார்த்துவிட்டார் என்கிறாய். சாவியைப் பார்த்தாரா? சிரிக்காதே. நான் ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன், கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இவளைக் கூட்டிக்கொண்டு வேலூர்க் கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரரைப் பார்க்கப் போயிருந்தேன். வேப்பமர நிழலில் வண்டியை விட்டு, தரிசனம் முடித்து, வந்து உட்கார்ந்து சாவியைப் போட்டால் திரும்பவில்லை. நிறுத்தும்போது சக்கரம் ஒருக்களித்து நின்றிருக்கிறது, ஸ்டியரிங் லாக் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் ஒரு கையால் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், வெயிலும் பசியும் சேர்ந்து, ஒரே முறுக்காக முறுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் தலை என் கையில், இரும்பு பூட்டுக்குள்.

முழுக்க அன்றைய குற்றம் என்றும் சொல்ல முடியாது. பொங்கல் சமயத்திலேயே சாவியின் கழுத்தில் விரிசல் விட்டிருந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தேன். இவள் மூன்று தடவை சொன்னாள். நான்காவது தடவை சொல்லவில்லை, கோயில் வாசலில் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவளுடைய ஹேர்பின்னை வாங்கி உள்ளே விட்டு நோண்டினேன். முனை கொஞ்சம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது, அது இன்னும் உள்ளே போய்விட்டது. இதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஃபெவிக்விக் யோசனை சொன்னார். உடைந்த முனையில் ஒரு சொட்டு வைத்து, தலையை ஒட்டி, காய்ந்ததும் இழுத்துவிடலாமாம். பெட்டிக்கடைக்கு ஆள் அனுப்பவே தயாராகிவிட்டார். பூக்காரம்மாதான் தடுத்தார். "அதெல்லாம் வாணாம் சார், லாங்கு பஜாருல பூட்டு ரிப்பேர் பண்ற பாய் ஒருத்தர் கீறாரு, நம்பர் தரேன்" என்று தன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பாய் வருவதற்குள் பெங்களூரிலிருக்கும் பையனைக் கூப்பிட்டேன். அவன் ஷோரூமைக் கேட்கச் சொன்னான். கேட்டேன். வண்டியை டோ பண்ணிக் கொண்டுவர வேண்டும், ஆர்சி, ஆதார் நகல் வேண்டும், சாவியைக் கம்பெனியிலிருந்து வரவழைக்கப் பத்து நாள் ஆகும், பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். கம்பெனி முறை அப்படி இருக்கும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் பத்து நாள் வண்டியை எங்கே விடுவது?

இவள்தான் சொன்னாள், "பீரோல இன்னொரு சாவி இருக்கே" என்று. எனக்கு உயிர் வந்தது. ஆட்டோ பிடித்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போய் எடுத்து வந்தாள். அதற்குள் நான் மரத்தடியில் உட்கார்ந்து அகழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் சின்ன வயதில் நம்மூரைக் கேலி பண்ணுவார்களே, நினைவிருக்கிறதா? தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். அதில் கடைசிக் கேலி 1981இல் பொய்யாகிப் போனது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து இந்தக் கோட்டைக் கோயிலில் திரும்ப வைத்தபோது நாம் ப்ளஸ் ஒன். அந்த வரிசையில் சாவி இல்லாத கார் என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நம் வயதுதான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முதல் கேள்வி: "இன்னா சார், பின்னு வுட்டு நோண்டினீங்களா?" இரண்டாவது கேள்வி: "பசை கிசை எதுனா போட்டீங்களா?" இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். பசை உள்ளே இறங்கினால் பூட்டுக்குள்ளிருக்கும் தகடுகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளுமாம், மொத்த பேரலையும் கழற்றி மாற்ற வேண்டியதுதானாம். பெட்டிக்கடை யோசனைக்காரர் அதற்குள் கூட்டத்தில் காணாமல் போயிருந்தார்.

அவர் எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. மெல்லிய அரத்தால் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிய ரம்பத் துண்டு ஒன்று வைத்திருந்தார். முதலில் சின்ன ஸ்க்ரூடிரைவரால் பூட்டைப் பழைய இடத்துக்கே திருப்பினார். பூட்டு ஆஃப் நிலையில் நேராக நின்றால்தான் சாவி வெளியே வரும், கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தலைகீழாக நின்றாலும் வராது. அப்புறம் ரம்பப் பல் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி சாவியை ஒட்டி உள்ளே விட்டு, லேசாகத் திருகி, சாவியின் வெட்டில் பல் மாட்டியதும் இழுத்தார். மூன்றாவது இழுப்பில் வந்துவிட்டது. அதை முகர்ந்து பார்த்தார். "தேங்கா எண்ணெ வுட்டீங்களா?" என்றார். போன வருஷம் பூட்டு இறுகுகிறது என்று நான்தான் விட்டேன். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு களிம்பாகிவிடும், பூட்டுக்குப் பென்சில் கரித்தூள் போதும் என்றார். முப்பது வருஷம் கிராஃபைட்டின் வழுக்கும் தன்மையை போர்டில் படம் போட்டு நடத்தியவன் நான். பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

இதற்குள் இவள் பீரோ சாவியோடு வந்துவிட்டாள். கதவு திறந்தது. இக்னிஷனில் போட்டால் திரும்பியது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட ஒரு விளக்கு மினுக் மினுக்கென்று கண்ணடிக்கிறது. பாய் அந்தச் சாவியை வாங்கிக் கையில் எடை பார்த்தார். "இது ஊமைச் சாவி சார். சிப்பு இல்ல."

2017இல் இந்த வண்டியை வாங்கும்போது விற்றவர் இரண்டு சாவி கொடுத்தார். இரண்டாவதைக் கதவில் போட்டுப் பார்த்தேன், திறந்தது, திருப்தியாக பீரோவில் வைத்தேன். எட்டு வருஷம் அது அங்கே பத்திரமாக இருந்தது, ஒன்றுக்கும் உதவாமல். மச்சான், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பாய் அடுத்துச் செய்ததுதான் வேடிக்கை. உடைந்த பிளாஸ்டிக் தலையை என்னிடமிருந்து வாங்கி, இக்னிஷன் வாயோரமாக ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஊமையத் திருப்புங்க" என்றார். திருப்பினேன். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! கூட்டத்தில் ஒரு பையன் கைதட்டினான்.

இக்னிஷனைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியின் தலைக்குள் அரிசி மணி போல ஒரு சிப், அதிலும் ஒரு குட்டிச் சுருள். சாவியைத் திருப்பினதும் பெரிய சுருளின் காந்தப்புலம் மாறி மாறி வர, சின்னச் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. அந்த மின்சாரத்தில் சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. எண் சரியாக இருந்தால்தான் வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜினை ஓட விடும். சிப்புக்கென்று பேட்டரி கிடையாது. ரிமோட் பேட்டரி தீர்ந்துபோனாலும் வண்டி ஓடுவது அதனால்தான். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான், ஆண்டுதோறும் ப்ளஸ் டூ பையன்களுக்கு ஐந்து மார்க் கேள்வியாகக் கொடுத்தது, எட்டு வருஷமாக என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

அப்படியே தலையை டேப் போட்டு ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி, பாய் கடைக்கு ஓட்டிப் போனோம். உடைந்த துண்டையும் தலையிலிருந்த மிச்சத்தையும் சேர்த்து இடுக்கியில் பொருத்தி, மிஷினில் புதுச் சாவி வெட்டினார். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து வரும் என்று சொல்லி, அரத்தால் இரண்டு இடம் திருத்தினார். புது வண்டி வாங்கும்போது சாவி எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று சில கம்பெனிகள் கொடுப்பார்களாம், அது இருந்தால் தேயாத அசல் அளவிலேயே வெட்டலாமாம். என்னிடம் எங்கே இருக்கிறது? பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு கருவியை மாட்டி, புதுச் சிப்பின் எண்ணை வண்டிக்குப் பழக்கிவிட்டார். அதற்கு முன்னால் ஆர்சியும் ஆதாரும் வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. திருட்டு வண்டிக்கு சாவி போட்டுட்டன்னு வையுங்க, கோட்டைக்கு எதுத்தாப்ல கடை வச்சிருக்கறவன தொரப்பாடிக்குக் கொண்டுபோயிடுவாங்க." மத்தியச் சிறை அங்கேதானே.

எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூறு. இன்னொன்றும் சொன்னார்: வேலை செய்கிற சாவி ஒன்று கையில் இருக்கும்போதே இரண்டாவது போட்டுக்கொண்டால் சுலபம், செலவும் குறைவு. எல்லாமே தொலைந்தபிறகு வந்தால் அவருக்கே பாதி நாள் வேலையாம். அங்கேயே இரண்டாவதும் போடச் சொல்லிவிட்டேன்.

ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு சாவியையும் கேள். இரண்டிலும் தனித்தனியாக இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார். ஒன்றுதான் இருக்கிறது என்றால் விலையில் மூவாயிரம் குறைக்கச் சொல். தயங்காதே, நீ தயங்குவாய் என்று தெரியும். கழுத்தில் டேப் சுற்றியிருந்தால் இன்னும் ஆயிரம் குறை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது சாவிக்குத் தனியாக ஆட்-ஆன் இருக்கிறதா என்றும் மருமகனைப் பார்க்கச் சொல், பல பாலிசிகளில் உண்டு.

தங்கைக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் மேல் இன்னும் ஆசை இருக்கிறதாமே. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மார்க்கெட்டில் விற்கிறவர்கள் பேச்சே மாறிவிட்டது, எது கேட்டாலும் "ஒரிஜினல் சார்" என்கிறார்கள். ஜூனில் கோயம்புத்தூருக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவதாக இருக்கிறோம், கூடையோடு வருகிறேன். ரயிலில்தான். இவள் அதில் கண்டிப்பாக இருக்கிறாள்.

ஊமைச் சாவியைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன். விடவில்லை, வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நீங்க எங்கயாவது நின்னு பேசிக்கிட்டு இருப்பீங்க. எனக்குக் கதவு திறந்தா போதும், உள்ள உட்கார்ந்திருப்பேன்" என்கிறாள்.

உன்,
காட்பாடியான்