இரண்டாம் தவணை முடிவும் கேட்டடி ஐயாவும்

அன்பான அம்மா அப்பாமாருக்கும், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக வாற அம்மம்மா அப்பப்பாமாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தவணை முடியுது. வலய விளையாட்டுப் போட்டியில பிள்ளையள் நல்லா செய்தவை, தமிழ்த்தினப் போட்டியிலயும் பரிசு வந்தது, தண்ணி டாங்க் திருத்தியாச்சு, உதவின எல்லாருக்கும் நன்றி. ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை தருவம்.

இனி நான் எழுத வந்த விஷயம். கேட்டுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில காலமையில நிக்கிற ஐயாவை உங்களுக்குத் தெரியும். கோட்டைப் பக்கமிருந்து வாற மானுகள் ஒவ்வொண்டுக்கும் வணக்கம் சொல்லி, சாப்பிட்டியா, நேற்று எங்க போனனீ எண்டு விசாரிப்பார், வெயில் கூடினா குடையை மானுக்குப் பிடிச்சுக்கொண்டு தான் வெயில்ல நிப்பார். திருகோணமலையில மான் ரோட்டில நடக்கிறது ஒருத்தருக்கும் புதினமில்லை, அதோட ஒரு மனுசன் கதைச்சாத்தான் புதினமாக்கும்.

போன மாதம் எங்கட பிள்ளையள் சிலபேர் அவரை வீடியோ எடுத்து பாட்டும் போட்டு டிக்டொக்கில விட்டிட்டினம், விசரன் எண்டு கத்தி மானுக்கு கல்லும் எறிஞ்சிருக்கினம். பிறகு ரெண்டு மூண்டு பெற்றோர் வந்து அவரை அங்கயிருந்து எழுப்பச் சொல்லி என்னட்ட கேட்டவை. உங்கட பயத்தை நான் குறை சொல்லேல்ல, பிள்ளையை விட்டிட்டு வேலைக்குப் போற தாய்க்கு கேட்டடியில ஆர் நிக்கினம் எண்டு யோசனை வரத்தான் வேணும். காவலாளி அண்ணையிட்டயும் கடை அக்காட்டயும் விசாரிச்சன். இவ்வளவு வருஷமா அவர் பிள்ளையளோட ஒரு சொல்லும் கதைச்சதில்லையாம், மானோட மட்டும்தானாம்.

அதாலதான் பெரிய வகுப்பு பிள்ளையளுக்கு மண்டபத்தில 1950ல வந்த ஹார்வி எண்ட படத்தைப் போட்டனான். கறுப்பு வெள்ளை, ஆங்கிலம், முதல் பத்து நிமிசம் பின்வரிசை முழுக்க கொட்டாவி. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிச்ச எல்வூட் எண்ட ஆள், ஆறடிக்கும் மேல உயரமான முயல் ஒண்டு தன்னோட வருது எண்டு சொல்லித் திரிவார், காணுற எல்லாருக்கும் அதை அறிமுகம் செய்து வைச்சு சாப்பிடவும் கூப்பிடுவார். வீட்டில பெட்டை ஒண்டுக்கு மாப்பிள்ளை பாக்கவேணுமெல்லோ, சகோதரிக்கு வெட்கம், ஆஸ்பத்திரியில சேர்க்கக் கொண்டு போனா டொக்டர் குழம்பி அவவையே பிடிச்சு உள்ள போட்டிடுறார். பிள்ளையள் சிரிச்ச சிரிப்பு ஒஃபிசுக்கு கேட்டது. கடைசியில எல்வூட்டை மற்ற ஆக்கள் மாதிரி ஆக்கிற ஊசி போடப்போற நேரம் டாக்சிக்காரர் ஒருத்தர் சொல்லுவார், இஞ்ச வரேக்க ஆக்கள் சந்தோசமா வருவினம், வழியில பொழுது படுறதைப் பார்ப்பினம், டிப்ஸும் தருவினம், ஊசி போட்டு திரும்பேக்க என்னோட சண்டை பிடிப்பினம் எண்டு. சகோதரி ஓடிப்போய் ஊசியை நிப்பாட்டுறா. பின்வரிசை கப்சிப். (எல்வூட் பாருக்குப் போறதைப் பற்றி ஒரு அப்பா ஃபோன் எடுத்தவர், நியாயம்தான், அதை முதலே விளக்காதது என்ர பிழை.)

படம் முடிய ஒரு பிள்ளை முயல் உண்மையா இருந்ததா எண்டு கேட்டுது, நான் யோசிக்க முதல் பக்கத்தில இருந்தவன் சொன்னான், "சேர், எங்கட ஐயாட மான் எண்டாலும் உண்மையான மான்தானே, பிறகென்ன பிரச்சினை?"

அவர் ரோட்டில கிடக்கிற ஷொப்பிங் பைகளையும் பொறுக்கிறவர், மானுகள் அதைத் தின்னுறதால. ஆனா அதுக்காக அவரை விடுங்கோ எண்டு நான் சொல்லேல்ல, ஒண்டும் பொறுக்காட்டிலும் அவர் அங்க நிக்கலாம்.

கண்டிப்பா ஒண்டு சொல்லோணும். வீடியோ எடுத்தது பிள்ளையள், வட்ஸ்அப் குறூப்பில அதை ஃபோர்வர்ட் பண்ணினது பெரியாக்கள். அழியுங்கோ, இண்டைக்கே. அடுத்த தவணை பாடசாலைக்குள்ள ஃபோன் கண்டா நீங்கள் வந்து கையெழுத்து வைச்சுத்தான் எடுக்கலாம், இனி கல் எறிஞ்சா அண்டைக்கே உங்களைக் கூப்பிடுவன், ஆரின்ர பிள்ளை எண்டு பார்க்கமாட்டன்.

இவ்வளவும் எழுதினதுக்கு கோவிக்காதேங்கோ. கன பேர் ஏற்கனவே பிள்ளையளோட இருந்து கதைச்சிருக்கிறியள், எனக்குத் தெரியும், மனம் நிறைஞ்ச நன்றி. காலமையில ஐயாவுக்கு பிளேன்ரீ கொண்டு வாற அம்மம்மாவுக்கும்தான். மத்தியானம் ஓட்டோவில வாறவை மரத்தடியை விட்டு கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்கோ, அந்த நேரம் மானுகள் அங்கதான் படுக்கிறது.

அன்புடன்,
அதிபர்