தாராபுரத்து நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகனோடு தாராபுரத்தில் குடியேறிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு நாகேஷ் ஞாபகம்தான் வந்தது. அவர் பிறந்து வளர்ந்த மண்ணல்லவா அது!

தண்டையார்பேட்டையில் எல்லோரும் சுகம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. அகஸ்தியா தியேட்டர் பக்கம் போனால் மனசு கனக்கிறது. இரவு ஆட்டம் விட்டதும் வசனம் பேசிக்கொண்டே நடந்து வருவோமே. 2020-இல் அங்கே படம் ஓடுவது நின்றது.

கண் தெளிந்ததும் பேரனிடம் சொல்லி 'எதிர்நீச்சல்' போடச் சொன்னேன். மாடிப்படிக்குக் கீழே கிடந்து, குடித்தனக்காரர்களுக்கெல்லாம் எடுபிடி வேலை செய்கிற மாதுவாக நாகேஷ். 1968-இல் வந்த படம். சிறு வயதில் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். இப்போது பார்த்தால், அந்த ஒல்லி உடம்பு ஒவ்வொரு கதவாகப் போய் நிற்பதில் எவ்வளவு பசி, எவ்வளவு மானம்!

நம்மைப் போலவே அவரும் ரயில்வேக்காரர், குமாஸ்தா. அம்மைத் தழும்பு முகம். ரயில்வே நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சின்ன வேஷம்தான் கிடைத்தது. அதையே மனிதர் அப்படித் துடித்து நடித்திருக்கிறார். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டிப் பரிசு கொடுத்தாராம். நாடகத்தின் நாயகன் யார் என்று இன்று யாருக்குத் தெரியும்?

1959-இல் 'தாமரைக்குளம்' படத்தில் தலை காட்டினார். அப்புறம் ஐந்து வருஷம் கழித்து, 1964-இல், 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' இரண்டும். பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்கிற இடத்தை நீ அப்படியே நடித்துக் காட்டுவாய், நினைவிருக்கிறதா? 'சர்வர் சுந்தரம்' பாலசந்தர் எழுதிய நாடகம். அவரும் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். மறு வருஷமே 'திருவிளையாடல்' தருமி. இறைவன் வருவதற்கு முன் கோயிலில் தனியாகப் புலம்புகிறாரே, எதிரில் ஆளே கிடையாது. சிவாஜி வந்து நின்ற பிறகும் நம் கண் தருமியை விட்டு நகர்வதில்லை.

சேகர், இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பெரம்பூரில் நாம் நாடகம் போட்டபோது, "இந்த அம்மை முகத்துக்கு மேடை எதற்கு?" என்று ஒருவர் உன்னைச் சொன்னார். நீ ஒப்பனைப் பெட்டியை மூடிவிட்டுப் போனாய், திரும்ப வரவேயில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நாகேஷ் பெயரைச் சொல்லியாவது அவர் வாயை அடைத்திருக்கலாம். பேசாமல் நின்றது இன்றும் உறுத்துகிறது. எங்கள் எல்லோரையும்விட நன்றாக நடித்தவன் நீ.

பொங்கலுக்கு எங்கள் தெருவில் ஓய்வு பெற்றவர்களாகச் சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறோம். தபால்காரர் வேஷத்துக்கு ஆள் இல்லை. இரண்டே வசனம்தான். யாரையும் போடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மார்கழி கடைசியிலேயே கிளம்பி வந்துவிடு. சென்ட்ரலுக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
தனபால்