பனி எவ்ளோன்னு தெரியும், எப்போ உருகும்னு தெரியாது

ஆசிரியர் சார், வணக்கம்.

போன இதழ்ல மலைப்பனி வெள்ளம் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, படங்களும் சூப்பர். ஆனா அதுல ஒரு வரி, "பனியை அளந்துட்டா வெள்ளம் வர்ற நாளைத் துல்லியமா சொல்லிடலாம்"னு போட்டிருந்தீங்க பாருங்க, அது சரியில்ல சார். பனிய அளக்கறது வேற, அது உருகி ஆத்துக்கு வர்ற நாள சொல்றது வேற.

அளக்கறதுல நல்லாவே முன்னேறிட்டாங்க, ஒத்துக்கறேன். அமெரிக்காவோட மேற்கு மலைகள்ல ஸ்னோடெல்னு நூத்துக்கணக்கான ஸ்டேஷன் இருக்கு, தரையில ஒரு பெரிய பை மாதிரி விரிச்சு உள்ள உறையாத திரவத்த நிரப்பி வச்சிருப்பாங்க, மேல பனி விழ விழ பை அமுங்கும், அந்த அழுத்தத்த வச்சே பனிக்குள்ள எவ்ளோ தண்ணி இருக்குன்னு தெரிஞ்சிடும். உயரத்த மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம், புதுசா விழுந்த பனி பத்து இஞ்ச் இருந்தா தண்ணி ஒரு இஞ்ச்தான் தேறும், அதே பத்து இஞ்ச் உயரத்துக்கு வசந்தகாலத்துல இறுகிப் போன பனி இருந்துச்சுன்னா நாலஞ்சு இஞ்ச் தண்ணி அதுல இருக்கும். இப்ப விமானத்துலருந்து லேசர் அடிச்சும் அளக்கறாங்க.

அப்புறமும் சிக்கல் எங்கன்னா, வானிலைதான். 1983 கொலராடோ ஆறு கதைய எடுத்துக்கோங்க. அரிசோனாவுல க்ளென் கேன்யன் அணை, அதுக்குப் பின்னாடி இருக்கிற லேக் பவல்ங்கற நீர்த்தேக்கம் 1980லதான் முதல்முறை ரொம்பிச்சு. 1983ல மே மாசம் வரைக்கும் மேல ராக்கி மலைல பனி விழுந்துட்டே இருந்துச்சு, குளிர் விடவே இல்ல, மாசக் கடைசில திடீர்னு வெயில் கொளுத்த ஆரம்பிச்சு அதுமேல மழையும் சேர்ந்துச்சு, அணைலயோ காலி இடமே கிடையாது. உபரிநீர் மதகு மேல ப்ளைவுட் பலகைய நட்டு உயரத்த கூட்டினாங்க சார், நம்ப முடியுதா, 710 அடி அணைக்கு ப்ளைவுட்! அப்புறம்தான் இரும்புத் தகடு வச்சாங்க. உபரிநீர் போற சுரங்கத்துல தண்ணி பாஞ்ச வேகத்துல சின்னச் சின்ன குமிழி உண்டாகி வெடிச்சு கான்கிரீட்ட பேத்து, அடில இருந்த பாறையையே தோண்டி எடுத்துடுச்சு. அதே வருஷம் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டில, பனி உருகி வந்த வெள்ளம் போறதுக்காக ஸ்டேட் ஸ்ட்ரீட் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி ரோட்டையே ஆறா மாத்தி விட்டாங்க, ஜனங்க தாண்டறதுக்கு மேல மரப்பாலம் வேற.

இதுக்கு நேர் எதிர் 2023 கலிஃபோர்னியா. ஏப்ரல் 1ம் தேதி கணக்குப்படி மாநிலத்துல பனி சராசரிய விட ரெண்டு மடங்குக்கும் மேல, 237 சதவீதம். எல்லாரும் பயந்தாங்க. ஆனா மே, ஜூன் ரெண்டு மாசமும் குளிர்ச்சியாவே போனதால நெறைய தண்ணி மெதுவா இறங்குச்சு. வத்திப் போயி விவசாய நிலமா மாறியிருந்த டுலாரே ஏரி திரும்ப ரொம்பி வயக்காடெல்லாம் மூழ்குச்சு, அது உண்மைதான், ஆனா பயந்த அளவுக்கு மோசமா போகல. பனி எவ்ளோன்னு ஏப்ரல்லயே தெரியும், மே மாச வெயில ஏப்ரல்ல யார் சார் சொல்ல முடியும்?

இன்னொன்னும் கட்டுரைல விட்டுட்டீங்க. மலைல மத்தியானம் உருகற தண்ணி பள்ளத்தாக்குக்கு வந்து சேர பல மணி நேரம் ஆகும், அதனால சில இடத்துல ஆத்துல தண்ணி அதிகமா வர்றது நடுராத்திரில. சாயங்காலம் ஆறு அமைதியாத்தான இருக்குன்னு கரையோரம் டென்ட் போடறவன்தான் மாட்டுவான்.

அதனால அடுத்த தடவ இந்த மாதிரி எழுதறப்ப ஒரே நம்பர தலைப்புல போடாதீங்க, குறைஞ்சது இவ்ளோ கூடிப் போனா இவ்ளோன்னு ரெண்டையும் போடுங்க, கணிப்பு சொல்ற ஆபீஸ்காரங்களே இப்ப பெரும்பாலும் அப்படித்தான் சொல்றாங்க. "துல்லியமா"ங்கற வார்த்தைக்கு அடுத்த இதழ்ல ஒரு சின்னத் திருத்தம் போட்டாலும் சந்தோஷம்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்